புகை இல்லையே என்று ஏமாந்தேன்!



இந்தப் பகுதியை வாரம் தவறாமல் படித்து வருபவள் நான். சமையல் குறிப்பு, வீட்டுக் குறிப்பு என்று ஒன்றிரண்டு எழுதிப் போட்டதும் உண்டு. ஆனால் நான் செய்த ஒரு தப்பை நானே எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். போன வாரம் வந்த ஒரு போன்தான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

ஈரோட்டிலிருந்து என் நாத்தனார் மகள் பேசினாள். "அத்தை, உங்க வீட்டுல பீங்கான் மாதிரி ஒரு கரி அடுப்பு இருக்குதில்லீங்க, பார்பிக்யூ அடுப்பு. அதே மாதிரி ஒண்ணு விலை கம்மியா வந்திருக்கு. வாங்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

"வாங்கு கண்ணு. ஆனா அதை எங்கே வெச்சு மூட்டப் போறே, அதை முதல்ல சொல்லு" என்றேன்.

"எங்கேன்னா... பிளாட்டுதானுங்களே. பால்கனியிலதான். மழை வந்தா உள்ளே தூக்கி வெச்சுக்கலாம்" என்றாள் சாதாரணமாக.

எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போனது. ஏனென்றால், இதே வார்த்தையை 2023 ஐப்பசி மாசத்தில் ஒரு ராத்திரி நானே சொன்னேன். "மழை வருது, அடுப்பை உள்ளே தூக்கிட்டு வாங்க" என்று சொன்ன வாய் என் வாய்தான். அன்றைக்கு என் மாமியாரும் என் பெண்ணும் பிழைத்தது தெய்வச் செயல் என்றே சொல்ல வேண்டும்.

முதலில் அந்த அடுப்பு எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று சொல்லி விடுகிறேன். என் மகன் வேலைக்குப் போய் முதல் போனஸ் வாங்கினான். எனக்குச் சேலை, பாட்டிக்குக் கம்பளி என்று வாங்கிய கையோடு, தனக்கென்று ஒரு செராமிக் பார்பிக்யூ அடுப்பையும் இன்டர்நெட்டில் பார்த்து ஆர்டர் பண்ணி விட்டான். பெட்டியைப் பிரித்தால், பெரிய பச்சை முட்டையை இரண்டாக அறுத்து, கீல் போட்டு மூடின மாதிரி ஒரு சாமான்! வெளியே வழவழவென்று பீங்கான், உள்ளே கனத்த சுட்ட மண். அடியில் காற்று போக ஒரு சின்னக் கதவு, உச்சியில் காற்று வெளியேற ஒரு மூடி. தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

"எத்தனைடா?" என்று கேட்டேன். "பதினாலாயிரம்தாம்மா. பேர் போன கம்பெனி சாமானெல்லாம் லட்சக் கணக்குல போகுது. அதுக்கு இது எவ்வளவோ சீப்" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. பதினாலாயிரத்துக்கு ஒரு கரி அடுப்பா! என் அம்மா வீட்டில் இரும்பு வாளிக்குள் களிமண் பூசி, நடுவில் கம்பி வலை வைத்த கரி அடுப்பு ஒன்று இருந்தது. காலைக் காபியிலிருந்து ராத்திரி அப்பளம் சுடுவது வரை அதில்தான்.

"இது ஜப்பான்காரங்க வழக்கம்மா" என்று பையன் விளக்கினான். காமாடோ என்று பெயராம். ஜப்பான் பாஷையில் அடுப்பு என்றுதான் அதற்கு அர்த்தமாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே போன அமெரிக்கச் சிப்பாய்கள், சோறு வேகவைக்கும் மண் அடுப்பைப் பார்த்து ஆசைப்பட்டு ஊருக்குக் கொண்டு போனார்களாம். 1974-ல் அட்லாண்டா நகரத்தில் எட் ஃபிஷர் என்பவர் கடை போட்டு விற்கத் தொடங்கி, அதுவே 'பிக் கிரீன் எக்' என்ற பெரிய கம்பெனி ஆனதாம். ஆக, மண் அடுப்புதான் உலகம் சுற்றி விட்டு, பீங்கான் சட்டை போட்டுக்கொண்டு நம் வீட்டுக்கு வந்திருக்கிறது!

குறை சொன்னாலும், சமைத்துப் பார்த்ததும் எனக்கே பிடித்து விட்டது. ஒரு படி கரிக்குள் இரண்டு ஈடு கோழி வெந்து விடுகிறது. கனத்த சுவர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மூடி போட்டே சமைப்பதால் கறி காய்ந்து போகாமல், வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சு மாதிரியும் இருக்கிறது. கீழ்க் கதவையும் மேல் மூடியையும் திறந்தால் தணல் ஏறும். பாதி மூடினால் அடங்கும். காஸ் அடுப்பின் திருகு மாதிரிதான், என்ன, கொஞ்சம் பொறுமை வேண்டும். எல்லாவற்றையும் விட பெரிய சந்தோஷம், எங்கள் வீட்டு ஆம்பளைகள் இரண்டு பேரும் அடுப்படிக்கு வந்து நின்றதுதான்! மசாலா அரைப்பதும் பாத்திரம் கழுவுவதும் என் தலையில்தான் விடிந்தது என்றாலும், தணலுக்கு முன்னால் நின்று திருப்பிப் போட்டது அவர்கள். இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அது எனக்குப் புதுசு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு என் தம்பி குடும்பம் வந்திருந்தது. பால்கனியில் அடுப்பை மூட்டி, கோழித் துண்டு சுட்டு, சிரிப்பும் பேச்சுமாகச் சாப்பிட்டு விட்டு எட்டரை மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்குக் கடையை அடைத்து விட்டு வரத் தாமதம். அவருக்கு நாலு துண்டு எடுத்து வைத்து, தணலை அப்படியே விட்டிருந்தோம். ஒன்பது மணிக்கு மழை பிடித்தது. ஐப்பசி அடைமழை, சாரல் பால்கனி முழுக்க அடித்தது. பீங்கான் சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டால் விரிசல் விட்டு விடும் என்று பையன் துடித்தான். பதினாலாயிரம் ரூபாய் ஆயிற்றே! நான்தான் சொன்னேன், "உள்ளே தூக்கிட்டு வாங்க. புகை சுத்தமா அடங்கிருச்சு, ஒண்ணும் ஆகாது" என்று.

இரும்பு ஸ்டாண்டோடு சேர்த்து இரண்டு பேராகத் தூக்கி, ஹாலில் ஒரு பழைய கடப்பைக் கல் மேல் வைத்தார்கள். கறி சூடாக இருக்கட்டும் என்று காற்றுக் கதவைக் கொஞ்சம் திறந்தே விட்டோம். சாரல் அடிக்கிறது என்று பால்கனிக் கண்ணாடிக் கதவையும், ஜன்னல்களையும் இழுத்துச் சாத்தினேன். என் மாமியார் எழுபதைத் தாண்டியவர். "நல்லா கதகதன்னு இருக்குது அம்மிணி, இங்கேயே இருக்கட்டும்" என்று நாற்காலியை இழுத்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பிளஸ் டூ படிக்கும் என் பெண், அதே இடத்தில் பாயை விரித்துப் புத்தகத்தோடு படுத்து விட்டாள். ஹாலில் ஒரு பொட்டுப் புகை இல்லை. ஒரு நாற்றம் இல்லை. சாம்பல் பூத்த தணல், பார்க்க சாமி விளக்கு மாதிரி சாந்தமாக இருந்தது.

பத்தரை மணி இருக்கும். "அம்மிணி, தலை கிர்ருனு சுத்துது. வாந்தி வர்ற மாதிரி இருக்குது" என்றார் மாமியார். பெண்ணும் "தலை வலிக்குதும்மா" என்று முனகினாள். எனக்கும் நெற்றிப் பொட்டு இரண்டும் விண் விண்ணென்று தெறித்தது. கோழி சரியாக வேகவில்லையோ, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையோ என்றுதான் நினைத்தேன். சுக்கு வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போனேன்.

அடுத்து நான் செய்த காரியம்தான் பெரிய முட்டாள்தனம். 2020-ல் கொரோனா சமயத்தில், விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் ஒரு மெஷின் வாங்கி வைத்திருந்தோம். அதை மாமியார் விரலில் மாட்டினேன். 98 என்று காட்டியது. "அத்தை, ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்குதுங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிப் படுக்க வைத்தேன்!

எதிர் பிளாட்டில் ஒரு நர்ஸ் சகோதரி இருக்கிறார். இரவு டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரை மகன் போய்க் கூப்பிட்டான். அவர் உள்ளே வந்ததும் நாடி பிடிக்கவில்லை. "பாட்டியம்மாவும் கோழி சாப்பிட்டாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. மாமனார் போனதிலிருந்து மாமியார் அசைவம் தொடுவதே இல்லை. அன்றைக்கு அவர் சாப்பிட்டது இரண்டு இட்லி. ஆனால் எங்கள் எல்லாரையும் விட மோசமாகக் கிடந்தவர் அவர்தான்! அந்தச் சகோதரி சுற்றும் முற்றும் பார்த்தார். ஹாலின் மூலையில் இருந்த அடுப்பு கண்ணில் பட்டது. "அய்யோ, எல்லாக் கதவையும் திறங்க! எல்லாரும் வெளியே வாங்க!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், இன்றைக்கும் அந்தக் குரல் என் காதிலேயே இருக்கிறது.

மாமியாரால் எழுந்து நடக்க முடியவில்லை. கால் துவண்டது. மகனும் அவருமாகத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் வைத்து விடிய விடிய ஆக்சிஜன் கொடுத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே தூங்க விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று டாக்டர் சொன்னபோது, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து விட்டேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரிச்சல் இல்லை, இருமல்கூட வராது. மூச்சோடு உள்ளே போய், ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்து கொள்கிறது. ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கை கால் அசதி என்று ஆரம்பித்து, தூக்கம் மாதிரி மயக்கம் வந்து, அப்படியே உயிர் போய் விடும். விரலில் மாட்டும் சாதாரண மெஷினுக்கு இந்த வாயுவையும் ஆக்சிஜனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதாம். அதனால்தான் 98 என்று காட்டியிருக்கிறது. வயசானவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், இருதய நோய்க்காரர்கள் இவர்களைத்தான் முதலில் தாக்கும்.

சகோதரிகளே, இங்கேதான் நான் சொல்ல வந்த கருத்து இருக்கிறது. நாமெல்லாம் விறகடுப்புக்காரர்களின் பிள்ளைகள். புகை என்றால் கெடுதல், புகை இல்லாவிட்டால் நல்லது என்றே வளர்ந்தோம். புகைந்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடுவோம். புகை அடங்கித் தணல் ஆகி விட்டால் "இனி பயமில்லை" என்போம். விறகுக்கு அது பாதி நிஜம். கரிக்கு அது முழுப் பொய்! புகையே இல்லாமல், சாம்பல் பூத்து, சாதுவாக இருக்கிற தணல்தான் நாம் அதிகம் பயப்பட வேண்டிய தணல்.

"எங்க பாட்டி காலத்துல வீட்டுக்குள்ளேதானே கரி அடுப்பு வெச்சிருந்தாங்க?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பாட்டி வீடு ஓட்டு வீடு. ஓட்டு இடுக்கில் காற்று போகும். அடுப்படியில் புகைபோக்கி இருக்கும். கொல்லைக் கதவு பகல் பூரா திறந்தே கிடக்கும். நம் பிளாட் அப்படியா? ஏ.சி. காற்று வெளியே போகக் கூடாது, கொசு உள்ளே வரக் கூடாது என்று கண்ணாடியும் ரப்பரும் வைத்து அடைத்த பெட்டி! அந்தக் காலத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சூடு வேண்டும் என்று அறையைச் சாத்தி விட்டுத் தணல் சட்டி வைப்பதும், ஊட்டிக் குளிருக்குக் கட்டிலடியில் கரிச் சட்டி வைப்பதும் இதே ஆபத்துதான்.

2024 ஆகஸ்ட் மாசம் கொடைக்கானலில் நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். சுற்றுலா போன நண்பர்கள் பார்பிக்யூ போட்டுச் சமைத்து விட்டு, குளிருக்காகத் தணலை அறைக்குள்ளேயே வைத்துத் தூங்கியதாகச் சொன்னார்கள். இரண்டு இளைஞர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. யார் பெற்ற பிள்ளைகளோ! 2023-லேயே நான் இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால், படித்த யாராவது ஒருவர் யாரிடமாவது சொல்லியிருப்பார்களோ என்று மனசு அடித்துக்கொண்டது.

அப்படியானால் அந்த அடுப்பே வேண்டாமா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எங்கள் வீட்டுக்காரர் அதைப் பழைய சாமான்காரனுக்குப் போடப் போனார். தடுத்தது யார் தெரியுமா? என் மாமியார்தான்! "அடுப்பு என்ன பண்ணுச்சு? அதை வெச்ச இடந்தான் தப்பு. கத்தியில கை வெட்டுனா கத்தியைத் தூக்கியா எறியறோம்?" என்றார். அதுதான் நியாயம் என்று எனக்கும் பட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் மாசம் ஒரு தடவை அது மூட்டப்படுகிறது. ஆனால் மொட்டை மாடியில்! சங்கத்தில் சொல்லி அனுமதி வாங்கி, துணிக்கொடிக்குத் தள்ளி ஒரு மூலையில் வைத்திருக்கிறோம். மழை வந்தால் நாங்கள்தான் உள்ளே ஓடி வருவோம், அடுப்பு வராது. விரிசல் விட்டால் விடட்டும், அது வெறும் பதினாலாயிரம்தானே!

வாங்க நினைக்கிற சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தை.

விலை குறைந்த அடுப்பை நான் குறை சொல்ல மாட்டேன். நம் பட்ஜெட்டுக்கு அதுதான் முடியும். ஆனால் எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள். முக்கியமாக மூடி. மூடி விளிம்பில் ஒட்டியிருக்கும் கம்பளிப் பட்டை மெலிசாக இருந்தால் சீக்கிரம் கருகி விடும். மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் நாலைந்து இடத்தில் இப்படிச் செய்ய வேண்டும். இறுகப் பிடித்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடுக்கு இருக்கிறது. நல்ல அடுப்பில் கீழ்க் கதவையும் மேல் மூடியையும் முழுக்கச் சாத்தினால் காற்றில்லாமல் தணல் அணைந்து விடும். மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும். இடுக்குள்ள அடுப்பில் அணைந்த மாதிரி தெரியும், ஆனால் உள்ளே விடிய விடியக் கனன்று கொண்டிருக்கும். எங்கள் அடுப்பின் வியாதி அதுவேதான். ஆகவே சாத்தி விட்டோமே என்று நம்பி அன்று ராத்திரியே உள்ளே எடுத்து வைக்காதீர்கள். மறுநாள் பகலில் தொட்டுப் பார்த்து, கிளறிப் பார்த்து, பிறகு எடுங்கள். சாம்பலையும் பிளாஸ்டிக் குப்பை வாளியில் கொட்டாமல், மூடி போட்ட தகர டப்பாவில் போட்டு ஒரு நாள் வெளியே வையுங்கள்.

முதல் நாளே பெரிய தணல் போடாதீர்கள். கொஞ்சம் கரி போட்டு, மெதுவாக ஒரு மணி நேரம் சூடேற்றி ஆற விடுங்கள். புது மண் சட்டியைப் பழக்குகிற மாதிரிதான். மேல் பூச்சில் மயிரிழைக் கோடு விழுந்தால் பயப்பட வேண்டாம். உள் மண் வரை விரிசல் விட்டிருந்தால் உடனே திருப்பி அனுப்பி விடுங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது, மண் குடித்து விடும். மண்ணெண்ணெயும் ஊற்றக் கூடாது, அந்த நாற்றம் கறியில் ஏறும். மூடியில் இருக்கும் சூட்டுமானியை முழுசாக நம்பாதீர்கள். கழற்ற முடிந்தால் அதன் முனையைக் கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 100 டிகிரிக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

கரிக்குப் பஞ்சமே இல்லை. காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக் கரி கிடைக்கிறது. ராமநாதபுரம் சீமையில் சீமைக் கருவேல மரத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரி ஊரெல்லாம் வருகிறது. தொட்டிக் கரி சூடு அதிகம், புகை குறைவு. புகை குறைவு என்றவுடன் பழையபடி ஏமாந்து விடாதீர்கள்!

இன்னொன்று. சமைத்துக்கொண்டிருக்கும்போது மூடியை ஒரேயடியாகத் திறக்காதீர்கள். உள்ளே காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருக்கும் தணல், குப்பென்று முகத்துக்கு எழும்பும். ஒரு விரல் அளவு இரண்டு தடவை தூக்கி விட்டு, பிறகு திறக்க வேண்டும். நைலான் நைட்டியோடும், தொங்குகிற முந்தானையோடும் பக்கத்தில் போகவே கூடாது. ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும்.

கோழிக்குத் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மிளகுத்தூள், எலுமிச்சை, உப்பு போதும். எண்ணெய் ஒரு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம், தணலில் சொட்டித் தீ பிடிக்கும். தொடையின் தடிப்பான பகுதிக்குள் சூடு 74 டிகிரி வந்தால் வெந்தது என்று அர்த்தம். சூடு பார்க்கும் ஊசி இல்லாதவர்கள் எலும்பு ஓரம் கீறிப் பாருங்கள், சிவப்பு இருக்கக் கூடாது. மாமியாருக்கு நான் செய்வது சுட்ட கத்திரிக்காய்த் துவையல். பெரிய கத்திரிக்காயை இரண்டு இடம் குத்தி, எண்ணெய் தடவி, மிதமான தணலில் மூடி போட்டு விட்டால் கால் மணி நேரத்தில் தோல் கருகி உள்ளே குழைந்து விடும். தோலை உரித்து, வறுத்த உளுந்து, மிளகாய், புளி, உப்பு, இரண்டு பல் பூண்டோடு கரகரவென்று அரைக்க வேண்டும். காஸில் சுட்டால் இந்த ருசி வராது, இது சத்தியம். தணல் அடங்குகிற சமயத்தில் சோளக் கதிரும், சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்டு விடுவேன். கரியும் வீணாகாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் அடுப்போடு வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், எட்டாம் பக்கத்தில், "வீட்டுக்குள் பயன்படுத்தாதீர்" என்று ஒரே ஒரு வரி. பிறகு பூதக் கண்ணாடி வைத்துத் தேடி என் மகன் காட்டினான். தமிழ்நாட்டில் விற்கிற சாமானுக்கு, மூடி மேலேயே தமிழில், கொட்டை எழுத்தில், "அணைந்த மாதிரி தெரிந்தாலும் அறைக்குள் வைக்காதே" என்று ஒட்டி அனுப்பினால் விற்கிறவர்களுக்கு என்ன குறைந்து விடும்? மலை ஊர்களில் அறை வாடகைக்கு விடுகிறவர்களும், சாவி கொடுக்கும்போதே இதை வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். இந்த வாயு இருந்தால் சத்தம் போட்டு எச்சரிக்கும் கருவி இருக்கிறது. பிள்ளைகளுக்குப் போன் கவர் வாங்குகிற ஆர்வத்தில் அதையும் ஒன்று வாங்கி ஹாலில் மாட்டுங்கள். ஆனால் கருவி இருக்கிறதே என்று தணலை உள்ளே கொண்டு வருவது, பூட்டு இருக்கிறதே என்று திருடனைத் திண்ணையில் படுக்க வைப்பது போலத்தான். ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது என்பதெல்லாம் சமாதானம் ஆகாது.

ஒரே நேரத்தில் வீட்டில் இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு என்றால், சாப்பாட்டைச் சந்தேகப்படும் முன் அடுப்பைத் தேடுங்கள். கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே கூட்டிப் போங்கள். பிறகு ஆஸ்பத்திரி. அங்கே போனதும் "வீட்டுக்குள்ளே கரி எரிஞ்சுது" என்று நீங்களே முதலில் சொல்லி விடுங்கள். சொல்லா விட்டால் அவர்களும் அஜீரணம் என்று நினைக்கக் கூடும்.

ஈரோட்டுப் பெண்ணிடம் இத்தனையும் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "மொட்டை மாடிக்கு அனுமதி கேட்டுட்டு வாங்கறேனுங்க அத்தை" என்றாள். எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. மீதிப் பாரம் உங்களிடம் சொன்னதில் இறங்கி விட்டது.

இதைப் படித்ததும் கத்தரித்து வைத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒருத்தரிடம் வாயால் சொல்லுங்கள், அது போதும்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்